வன்னிக்குள்ளால் ஓர் எரிவாயுக் குழாய் போவதென்றால்

2011 ஒக்டோபரில் மன்னார்க் கடலில், ஏறத்தாழ 1,350 மீற்றர் ஆழத் தண்ணீருக்குக் கீழே தோண்டிய 'டொராடோ' என்ற கிணற்றில் இயற்கை எரிவாயு இருப்பது தெரியவந்தது. சில வாரங்களில் 'பரகூடா' என்ற அடுத்த கிணற்றிலும் வாயு கிடைத்தது. கண்டுபிடித்த நிறுவனம் 2015 இல் விலகிக்கொண்டது. வாயு இன்னும் கடலடியில்தான் கிடக்கிறது.

அதை எடுத்து வெளிநாட்டுக்கு விற்பதென்றால் கப்பலில் ஏற்ற வேண்டும். திரவ எரிவாயு ஏற்றும் பெரிய கப்பலுக்குத் தண்ணீருக்குள் மட்டும் 12 மீற்றர் போகும் உடம்பு. பாக்கு நீரிணைப் பக்கத்தின் ஆழமற்ற கடல் அதற்குத் தோதில்லை. திருகோணமலை இயற்கையாகவே ஆழமான துறைமுகம். மன்னார்க் கரைக்கும் திருகோணமலைக்கும் நடுவில் கிடப்பது வன்னி.

ஆகவே விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கோடு போடுவோம். மன்னார்க் கரையில் அரிப்பு என்ற ஊருக்குப் பக்கத்தில் கரையேறி, அருவியாற்றைக் கடந்து, முருங்கன், மடு வழியாக வந்து, ஓமந்தைக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் ஏ9 வீதியையும் ரயில் பாதையையும் தாண்டி, நெடுங்கேணிக்குத் தெற்கால் புல்மோட்டைக்குப் போய், கரையோரமாகத் திருகோணமலையில் முடிகிறது. நீளம் 165 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். வளைவுகளைச் சேர்த்தால் இன்னும் கூடும். இது அறிவிக்கப்பட்ட திட்டம் எதுவும் அல்ல. ஆனால் இப்படி ஒரு குழாயை எப்படித் திட்டமிடுவார்கள், எங்கே பிழைவிடுவார்கள் என்பதைத் தெரிந்த ஊர்களை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும்.

கணக்கு கப்பலிலிருந்து தொடங்கும்

குழாய்த் திட்டம் கிணற்றில் தொடங்கிக் கப்பலில் முடியும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். வேலை நடப்பது அதற்கு எதிர்த்திசையில். வாங்குபவர் ஆண்டுக்கு எவ்வளவு கேட்கிறார் என்பதுதான் முதலாவது எண். மற்றெல்லா எண்களும் அதற்குப் பின்னால் வரும்.

ஆண்டுக்கு 30 இலட்சம் தொன் திரவ எரிவாயு விற்பதாக எடுத்துக்கொள்வோம். வாயுவை மறை 162 பாகை செல்சியசுக்குக் குளிராக்கினால் அது திரவமாகி, கனவளவு ஏறத்தாழ 600 இல் ஒரு பங்காகச் சுருங்கும். 174,000 கனமீற்றர் கொள்ளும் கப்பல் ஒன்று கிட்டத்தட்ட 78,000 தொன் ஏற்றும். அப்படியானால் ஆண்டுக்கு 38, 39 கப்பல்கள், அதாவது ஒன்பது பத்து நாளுக்கு ஒன்று. கப்பல் ஒரு நாள் பிந்தினாலும் ஆலை நிற்காமல் ஓட வேண்டும் என்பதால், கரையில் உள்ள தாங்கியின் கொள்ளளவு ஒரு கப்பலின் கொள்ளளவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

10 இலட்சம் தொன் திரவத்துக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 37 இலட்சம் கனமீற்றர் வாயு வேண்டும். குளிரூட்டும் இயந்திரங்களை ஓட்ட ஆலையே 8 முதல் 10 சதவீத வாயுவை எரித்துவிடும். அதையும் சேர்த்தால் நாளுக்கு 40 இலட்சம். எங்கள் உதாரணத்துக்கு 120 இலட்சம் கனமீற்றர். ஒப்பந்தம் 20 ஆண்டுக்கு என்றால் 8,760 கோடி கனமீற்றர் வாயு நிலத்தடியில் இருப்பது நிரூபிக்கப்பட வேண்டும். 'இருக்கலாம்' என்ற மதிப்பீட்டை நம்பி எந்த வங்கியும் குழாய்க்குக் கடன் கொடுக்காது. கொடுக்கவும் கூடாது: புதைத்த குழாயைக் கிண்டி எடுத்து வேறிடத்தில் விற்க முடியாது.

குழாயே தேவையா என்ற கேள்வியையும் இந்தக் கட்டத்திலேயே கேட்க வேண்டும். மலேசியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் கடலிலேயே மிதக்கும் திரவமாக்கும் ஆலைகள் வேலை செய்கின்றன. வாயு குறைவாக, கரையிலிருந்து தூரமாக இருந்தால் அந்த வழி தரையில் ஒரு பிடி மண்ணையும் தொடாமல் முடிந்துவிடும். இந்த ஒப்பீடு இல்லாத திட்ட அறிக்கை அரைகுறை அறிக்கை.

எத்தனை அங்குலக் குழாய்?

குழாய்க்குள் வாயு ஓட ஓட உராய்வினால் அமுக்கம் குறையும். மன்னார்க் கரையில் 80 பார் அமுக்கத்தில் (ஒரு பார் என்பது ஏறத்தாழ எங்களைச் சுற்றியுள்ள காற்றின் அமுக்கம்) உள்ளே விடுகிறோம் என்போம். திருகோணமலை ஆலைக்கு அது 60 பாருக்குக் குறையாமல் போய்ச் சேர வேண்டும்.

24 அங்குலக் குழாயில் 120 இலட்சம் கனமீற்றரை 165 கிலோமீற்றர் தள்ளினால் முடிவில் 38 பார்தான் மிஞ்சும். 28 அங்குலம் என்றால் 64 பார். நான்கு அங்குலத்தில் இவ்வளவு வித்தியாசம் வரக் காரணம், குழாய் கடத்தும் அளவு விட்டத்தின் இரண்டரை அடுக்காகக் கூடுவதே. விட்டம் இரட்டித்தால் கொள்திறன் ஐந்தரை மடங்குக்கு மேலாகும். 24 அங்குலத்தையே போட்டு நடுவழியில் வாயுவைத் திரும்ப அமுக்கித் தள்ளும் கொம்பிரசர் நிலையம் ஒன்றை வைக்கலாம்தான். ஆனால் அந்த நிலையத்துக்கு எரிபொருள், ஆட்கள், உதிரிப்பாகங்கள் 20 ஆண்டுக்கு வேண்டும். அதன் இரைச்சல் இரவு பகலாக அயலிலுள்ள வீடுகளுக்குக் கேட்கும். இந்தத் தூரத்துக்கு 28 அங்குலமே சரி என்பது எங்கள் தீர்ப்பு. பல நூறு கிலோமீற்றர் போகும் குழாய்களில் கொம்பிரசர் தவிர்க்க முடியாதது. வழமையாக 80 முதல் 160 கிலோமீற்றருக்கு ஒன்று வைப்பார்கள்.

பெரிதாகப் போட்டுவிட்டால் பின்னால் உதவும் என்பதும் உண்மை. கனடாவில் டோசன் கிறீக் பக்கத்திலிருந்து கிற்றிமற் ஏற்றுமதி முனையம்வரை போகும் 670 கிலோமீற்றர்க் குழாய் 48 அங்குலம். கொம்பிரசர்களைக் கூட்டினால் ஆரம்பக் கொள்திறன் இரண்டு மடங்குக்கு மேலாகும். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்தது வேறு விதம். கேர்ட்டிஸ் தீவில் மூன்று நிறுவனங்கள் மூன்று ஆலைகள் கட்டின. ஒவ்வொன்றும் தனக்கென்று 42 அங்குலக் குழாய் போட்டது. ஒரே திசையில், 400 முதல் 500 கிலோமீற்றருக்கும் மேல் நீளத்தில், குழாய் புதைக்க வெட்டிய மூன்று கிடங்குகள். யார் யார் பங்காளிகள் என்பதைத் தொடக்கத்தில் பேசி முடிக்காததன் விலையை நிலம் கொடுத்தது.

அடுத்தது சுவரின் தடிப்பு. எக்ஸ்-70 என்ற தரத்து உருக்கு எடுத்தால், ஆளில்லாத காட்டுக்குள் 8.1 மில்லிமீற்றர் தடிப்புப் போதும். வீடுகள் நெருக்கமாக உள்ள ஊருக்குள் 11.7. மாடிக் கட்டடங்கள் நிறைந்த நகருக்குள் 14.7. அமுக்கம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். மனிதர்கள் பக்கத்தில் இருந்தால் பாதுகாப்புக்கு விடும் இடைவெளியைக் கூட்டுகிறார்கள், அவ்வளவுதான். குழாயின் இரு பக்கமும் 200 மீற்றருக்குள், 1.6 கிலோமீற்றர் நீளத்துக்குள் எத்தனை வீடு என்று எண்ணித்தான் இந்த வகுப்பைத் தீர்மானிப்பார்கள். பத்து வீடு வரை முதலாம் வகுப்பு. 46 அல்லது அதற்கு மேல் என்றால் மூன்றாம் வகுப்பு.

வன்னியில் கணக்குப் பிழைக்கக்கூடிய இடம் இது. போர் முடிந்த 2009 ஐ ஒட்டிய செய்மதிப் படத்தில் எண்ணினால் வெறும் கூரையில்லாச் சுவர்களும் பற்றைக்காடும்தான் தெரியும். சனம் மீளக்குடியேறிய பிறகு அந்த இடங்களில் வீடு, பாடசாலை, கோயில் எல்லாம் வந்துவிட்டன. பெர்மிற் (அரச காணி அனுமதிப்பத்திரம்) இருந்தும் இன்னும் வீடு கட்டாத காணிகளும் உண்டு. இன்றைய கூரைகளை மட்டும் எண்ணி 8 மில்லிமீற்றர் குழாயைப் புதைத்தால், பத்து ஆண்டில் ஊர் வளர்ந்ததும் அமுக்கத்தைக் குறைக்க வேண்டும், அல்லது அந்தத் துண்டைக் கிண்டித் தடித்த குழாய் மாற்ற வேண்டும். பிரதேச செயலகத்தின் காணிப் பதிவுகளைப் பார்த்து, வரப்போகும் வீடுகளையும் எண்ணுவதே முறை.

நிலம் சொல்வது

பாதை தெரிவு படிப்படியாக ஒடுங்கும். முதலில் பத்துக் கிலோமீற்றர் அகலப் பட்டை, பிறகு ஒரு கிலோமீற்றர், பிறகு 200 மீற்றர், கடைசியில் 20 முதல் 30 மீற்றர் அகல வேலைப் பாதை. வேலை முடிந்தபின் அதில் 10 முதல் 15 மீற்றர் நிரந்தரமாகக் கட்டுப்பாட்டில் இருக்கும். அதற்குமேல் நெல் விதைக்கலாம், உழுந்து போடலாம். வீடு கட்ட முடியாது, ஆழ வேரோடும் மரம் வைக்க முடியாது, குழாய்க் கிணறு அடிக்க முடியாது.

வேறு நாடுகளின் கைநூல்களில் அடிக்குறிப்பாக வரும் விடயம் வன்னியில் முதல் அத்தியாயம்: கண்ணிவெடி. அளவைக்காரர் ஆப்பு அடிக்கப் போவதற்கு முன்பே பட்டை முழுவதும் பரிசோதிக்கப்பட வேண்டும். 'அகற்றிய பகுதி' என்று வரைபடத்தில் இருந்தால் போதாது. மனிதாபிமான அகற்றல் மேல்மண்ணில் குறிப்பிட்ட ஆழம்வரைக்கும்தான் நடக்கும், ஏனென்றால் மிதிவெடி மேலேதான் இருக்கும். குழாய்க் கிடங்கோ 2 மீற்றர் ஆழம் போகும். வெடிக்காமல் ஆழப் புதைந்த எறிகணைகளை அந்த வேலை தேடியிராது. ஆகவே சான்றிதழில் பரப்பைப் போலவே ஆழத்தையும் வாசிக்க வேண்டும். கிடங்கு வெட்டும் கோட்டில் மீண்டும் ஒரு தடவை ஆழத் தேடல் செய்யாமல் பெக்கோ என்ற மண்வெட்டும் இயந்திரத்தை இறக்குவது குற்றம்.

மண்ணும் ஊருக்கு ஊர் மாறும். முருங்கன் பக்கத்துக் கரிய களிமண் கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும், மாரியில் ஊதிப் பெருக்கும். ஆண்டுதோறும் இப்படிச் சுருங்கி விரியும் மண் குழாயின் மேற்பூச்சைப் பிடித்து இழுத்து உரித்துவிடும். அங்கே கிடங்கைச் சுற்றி மணல் படுக்கை போட்டே குழாயை வைக்க வேண்டும். மன்னார்க் கரையில் சுண்ணக்கல் வரும். அதில் தண்ணீர் அரித்த பொந்துகள் இருக்கலாம் என்பதால் துளையிட்டுப் பார்க்காமல் பாரம் ஏற்றக் கூடாது.

மடுவைச் சுற்றிய காடு, யானை நடக்கும் வழிகள் இவற்றைக் கூடியவரை விலத்திப் போவதே நல்லது. விலத்த முடியாவிட்டால் திறந்த கிடங்கை நீளமாக விட்டுவைக்கக் கூடாது. இடையிடையே மண்ணை வெட்டாமல் பாலம் போல விட வேண்டும். இரவில் மாடும் யானையும் அதால் கடக்கும். விழுந்த விலங்கு ஏறிவரச் சரிவும் வேண்டும்.

ஏ9 வீதியையும் ரயில் பாதையையும் வெட்டிக் கடக்க விடமாட்டார்கள். கீழால் துளைத்துத்தான் போக வேண்டும். வளைத்துத் துளைக்கும் முறையில் 28 அங்குலக் குழாய்க்கு வளைவின் ஆரை ஏறத்தாழ 850 மீற்றர் வேண்டும். உருக்குக் குழாய் அதைவிட இறுக்கமாக வளைந்தால் நெளியும். அதனால் 30 மீற்றர் அகல ஆறானாலும் துளை சில நூறு மீற்றர் நீளம் போகும். துளைக்குள் விடும் பென்டனைற் என்ற களிச்சேறு அமுக்கத்தால் நிலத்தை வெடித்துக்கொண்டு வயலிலோ ஆற்றிலோ கிளம்புவது வழமையான விபத்து. கூழாங்கல் படையில் துளை இடிந்து விழும். ஆகவே இரு கரையிலும் மண் மாதிரி எடுக்காமல் முறையைத் தீர்மானிக்க முடியாது.

தண்ணீர்தான் பெரிய பிரச்சினை

உருக்குக் குழாய் பாரமானது, தண்ணீரில் தாழும் என்று எல்லோரும் எண்ணுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 711 மில்லிமீற்றர். 8.7 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு மீற்றர் குழாய் 151 கிலோ. அந்த ஒரு மீற்றர் இடம்பெயர்க்கும் தண்ணீர் 397 கிலோ. அப்படியானால் ஒவ்வொரு மீற்றருக்கும் 246 கிலோ விசை குழாயை மேலே தூக்குகிறது. 12 மீற்றர்த் துண்டு ஒன்றை ஏறத்தாழ மூன்று தொன் விசை தூக்கும். வாயு நிரப்பினாலும் பாரம் பெரிதாக ஏறாது. கார்த்திகை மழையில் வயல் நிரம்பி, கிடங்கில் நிரப்பிய மண் கஞ்சியாகக் கரைந்தால், குழாய் மெல்ல மெல்ல மேலே எழும்பி வரம்புக்கு மேலால் தலைகாட்டும்.

மருந்து கொங்கிறீற் பூச்சு. ஆனால் எவ்வளவு? 70 மில்லிமீற்றர் தடிப்பில் சாதாரணக் கொங்கிறீற் பூசினால் குழாய் இன்னும் மிதக்கும். பூச்சுத் தடிக்கும்போது பாரத்தோடு இடம்பெயரும் தண்ணீரும் கூடுகிறதல்லவா? 90 மில்லிமீற்றர் போட்டால்தான் தூக்கும் விசையைவிடப் பாரம் 10 சதவீதமாவது கூடும். சேற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடப் பாரமானது என்பதால் சதுப்பில் அதற்கும் மேல் வேண்டும். எந்தெந்தத் துண்டுக்குப் பூச்சு வேண்டும் என்பதைக் கோடை வரைபடத்தை வைத்துத் தீர்மானிப்பவர் கட்டாயம் பிழைவிடுவார். 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வெள்ளம் எவ்வளவு தூரம் ஏறியது என்பதை அந்த ஊர்க் கமக்காரர் சுவரிலுள்ள கறையைத் தொட்டுக் காட்டுவார்கள். எங்கள் பாதையிலும் ஊர் ஊராக அந்தக் கறைகளைக் கேட்டு அளந்து வரைபடத்தில் ஏற்ற வேண்டும்.

இரண்டாவது, குளங்கள். வன்னியின் சிறுகுளங்கள் தனித்தனியானவை அல்ல. மேல் குளத்தின் வான் பாய்ந்து கீழ்க் குளம் நிரம்பும். அந்தத் தொடரைக் குறுக்கே வெட்டும் கிடங்கு ஒரு புதிய வாய்க்கால் ஆகிவிடும். இறுக்கமான மண்ணுக்குள் வெட்டிய கிடங்கைப் பொலபொலவென்று நிரப்பினால் தண்ணீர் அதற்குள்ளால் குழாயோடு ஒட்டி ஓடும். வெளியில் ஒன்றும் தெரியாது. மேல் வயல் காயும், கீழே எங்கோ ஓரிடத்தில் ஊற்றுப் புறப்படும். குளக்கட்டுக்குக் கீழால் அப்படி ஓடினால் மண்ணை அரித்துக்கொண்டு போய்க் கட்டே உடையும். ஆகவே குளக்கட்டை வெட்டுவதும் அதன் அடிவாரத்தை ஒட்டிப் போவதும் கூடாது. கிடங்கின் உள்ளே, சரிவைப் பொறுத்து இடையிடையே, களிமண்ணாலோ மண் மூட்டைகளாலோ குறுக்கு அடைப்புப் போட வேண்டும். ஒப்பந்தக்காரர் அவசரத்தில் முதலில் விட்டுவிடுவது இந்த அடைப்பைத்தான், ஏனென்றால் மூடியபின் யாரும் பார்க்க முடியாது. மூடுவதற்கு முன் ஒவ்வோர் அடைப்பையும் இடக்குறியோடு படமெடுத்துப் பதிய வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

வயல் நிலத்தில் இன்னொன்றும் உண்டு. ஆண்டாண்டாகச் சேறடித்ததால் உழவு ஆழத்துக்குக் கீழே ஒரு கெட்டிப் படை உருவாகியிருக்கும். தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். கிடங்கு அதை உடைத்துவிடும். மேல்மண் 30 சென்ரிமீற்றரை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் தனித்தனியாகக் குவித்து, திருப்பிப் போடும்போது அடிமண்ணைப் படைபடையாக இறுக்கி, அதன்மேல்தான் மேல்மண்ணைப் பரப்ப வேண்டும். இரண்டும் கலந்துவிட்டால் அந்தப் பட்டையில் பயிர் மஞ்சளாக நிற்பதைப் பல போகங்களுக்குப் பார்க்கலாம். இழப்பீடு பெரும்பாலும் ஒரு போக விளைச்சலுக்குத்தான் கணக்கிடப்படுகிறது. அது நியாயமில்லை. நிலம் பழைய விளைச்சலுக்குத் திரும்பும்வரை அளந்து கொடுப்பதே நியாயம். வயலில் குழாயின் மேல்மட்டம் குறைந்தது 1.2 மீற்றர் ஆழத்தில் இருக்க வேண்டும் என்பதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, சோதனைத் தண்ணீர். குழாயை மூடியபின் தண்ணீர் நிரப்பி, ஓடும் அமுக்கத்தைவிடக் கூடுதலாக, முதலாம் வகுப்பில் 1.25 மடங்குக்கு ஏற்றிப் பல மணிநேரம் பிடித்துப் பார்ப்பார்கள். 20 கிலோமீற்றர்த் துண்டு ஒன்றுக்கு 7,600 கனமீற்றர், அதாவது ஆறு ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீருக்குச் சற்று மேல். கட்டுக்கரைக் குளத்துக்கு அது ஒன்றுமில்லை. சிறுபோகத்தின் கடைசித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஒரு சின்னக் குளத்துக்கு அது ஒரு பாய்ச்சல். ஒரு துண்டில் சோதித்த தண்ணீரை அடுத்த துண்டுக்குத் தள்ளித் திரும்பத் திரும்பப் பாவித்தால் தேவை மிகவும் குறையும். முடிவில் அந்தத் தண்ணீரில் துருவும், சில வேளை நுண்ணுயிர் கொல்லும் மருந்தும் இருக்கும். அதைச் சோதிக்காமல் குளத்திலோ வாய்க்காலிலோ விடக் கூடாது.

இவ்வளவுக்கும் காலம் எப்போது? மாரி மழை ஒக்டோபரில் தொடங்கும். காலபோக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில் முடியும். வயலுக்குள் வேலைக்குக் கிடைப்பது அறுவடைக்கும் அடுத்த மழைக்கும் நடுவிலுள்ள காலம். சிறுபோகம் செய்யும் இடங்களில் அதுவும் இல்லை. குழாய்களை ஏற்றிவரும் கப்பல் துறைமுகத்துக்கு ஒரு மாதம் பிந்தினால் வயல் வேலை ஓர் ஆண்டு பிந்தும்.

துருவும் ஈரமும்

165 கிலோமீற்றருக்கு 12 மீற்றர்க் குழாய்கள் 13,750. ஏறத்தாழ அத்தனை வெல்டிங் மூட்டுகள். ஒவ்வொன்றையும் கதிர்ப்படமோ மீயொலியோ கொண்டு பார்ப்பார்கள். தொழிற்சாலையில் பூசிய மூவடுக்குப் பொலிதீன் பூச்சு நன்றாக இருக்கும். மூட்டின் மேல் வெளியில், தூசிக்கும் வியர்வைக்கும் நடுவில் போடும் பூச்சுத்தான் பலவீனமான இடம். இறக்குவதற்கு முன் உயர் மின்னழுத்தத் தூரிகையைக் குழாய்மேல் ஓட்டினால், ஊசித் துளை இருந்தாலும் பொறி பறக்கும். அந்த இடத்தைத் திரும்பப் பூச வேண்டும்.

பூச்சுத் தவறும் இடத்தை மின்சாரம் காக்கும். குழாயைச் செம்பு-செம்புச் சல்பேற்று அளவுமுனையை வைத்துப் பார்க்கும்போது மறை 850 மில்லிவோல்ற்றுக்கு மேல் எதிர்மறையாக வைத்திருந்தால் துரு நிற்கும். உப்பேறிய கரையோர மண்ணில் துரு விரைவாகப் பிடிக்கும். வவுனியா, கிளிநொச்சி, சுன்னாகம் என்று போகும் 132 கிலோவோல்ற் மின்கம்பி போன்றவற்றுக்கு ஒட்டியபடி நெடுந்தூரம் குழாய் போனால், அதில் தூண்டிய மின்னழுத்தம் ஏறும். 15 வோல்ற்றைத் தாண்டினால் தொடும் ஆளுக்கு ஆபத்து. குறுக்கே கடப்பதில் பிரச்சினை குறைவு.

உள்ளே போகும் வாயு உலர்ந்திருக்க வேண்டும். ஈரமும் காபனீரொட்சைட்டும் சேர்ந்தால் அமிலமாகி உருக்கைத் தின்னும். ஆழ்கடலின் குளிரில் ஈரவாயு பனிக்கட்டி போன்ற கட்டியாகி, வீட்டுக் குழாயைச் சோறு அடைப்பதுபோல அடைத்துவிடும். எங்கள் தரையின் வெப்பத்தில் அந்தக் கட்டி உருவாகாது, ஆனால் அமுக்கத்தைக் குறைக்கும் வால்வுகளில் வாயு குளிர்வதால் அங்கே உருவாகலாம். திரவமாக்கும் ஆலையோ இதைவிடக் கண்டிப்பானது: காபனீரொட்சைட்டு பத்து இலட்சத்தில் 50 பங்குக்குள் இருக்க வேண்டும், பாதரசம் அறவே கூடாது. அல்ஜீரியாவின் ஸ்கிக்டா ஆலையில் 1973 இல் பாதரசம் அலுமினியக் குளிரூட்டியைத் துளைத்த பிறகுதான் உலகம் அதைக் கவனிக்கத் தொடங்கியது.

குழாய் உடைந்தால்

28 அங்குலம், 80 பார் என்றால் முழுதாக உடைந்து தீப்பிடிக்கும்போது ஏறத்தாழ 200 மீற்றர் ஆரையுள்ள வட்டம் உயிராபத்து வலயம். வரைபடத்தில் அந்த வட்டத்தை ஒவ்வொரு பாடசாலையையும் சந்தையையும் மடுத் திருவிழாவுக்குச் சனம் தங்கும் இடங்களையும் சுற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அடைப்பு வால்வுகள் ஆளில்லாத இடத்தில் 32 கிலோமீற்றருக்கு ஒன்று, மூன்றாம் வகுப்பில் 16 கிலோமீற்றருக்கு ஒன்று என்பது பரவலான விதி. ஆனால் தூரத்தைவிட முக்கியம் யார் மூடுவது என்பது. கலிபோர்னியாவின் சான் புரூனோவில் 2010 செப்டெம்பரில் 30 அங்குலக் குழாய் வெடித்து எட்டுப் பேர் இறந்தார்கள். வாயுவை நிறுத்த ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் எடுத்தது, ஏனென்றால் ஆட்கள் போய்க் கையால் மூட வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் நெடுங்கேணிக் காட்டுப் பாதையில் உழவு இயந்திரமே புதையும்போது, ஆள் போய் மூடலாம் என்ற திட்டம் திட்டமே அல்ல. தொலைவிலிருந்து மூடும் வால்வுகள் கட்டாயம் வேண்டும்.

குழாய் தானாக உடைவதைவிட மற்றவர் கிண்டி உடைவது பெரிய ஆபத்து. 2004 ஜூலையில் பெல்ஜியத்தின் கிஸ்லெங்கியனில் கட்டட வேலை இயந்திரம் முன்பே கீறிவிட்டிருந்த குழாய், பிறகு அமுக்கம் ஏற்றியபோது வெடித்து 24 பேர் இறந்தார்கள். கீறியவுடன் சொல்லியிருந்தால் அவர்கள் பிழைத்திருக்கலாம். வன்னியில் கிணறு அடிப்பவர், பெக்கோ ஓட்டுபவர், கள்ள மணல் ஏற்றுபவர் என்று மூன்று பேரை நினைத்துப் பாதுகாப்பை அமைக்க வேண்டும். மணல் அகழ்வு கொடியது: இரவோடிரவாக ஆற்றுப் படுக்கை இரண்டு மீற்றர் இறங்கும், புதைத்த குழாய் அந்தரத்தில் நிற்கும். ஆகவே அருவியாற்றிலும் யான் ஓயாவிலும் வெள்ளம் அரிக்கும் ஆழத்தோடு மணல் போகக்கூடிய ஆழத்தையும் சேர்த்தே குழாயை இறக்க வேண்டும். குழாய்க்கு மேல் எச்சரிக்கை நாடா, தரையில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய குறிக்கல், கீறினால் தண்டனையில்லாமல் அறிவிக்க ஒரு தொலைபேசி எண், இவை மலிவானவை.

ஒரு கிணறோ மேடையோ திடீரென நின்றால் ஆலைக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதையும் திட்டத்தில் எழுதுவார்கள். எங்கள் குழாய்க்குள் எந்த நேரமும் 50 இலட்சம் கனமீற்றர் வாயு நிறைந்திருக்கும். கணக்கில் பத்து மணிநேர ஓட்டம். ஆனால் அமுக்கம் 60 பாருக்குக் கீழே போகக் கூடாது என்பதால் அதில் சிறு பங்கைத்தான் எடுக்கலாம்.

காகிதங்கள்

இலங்கையில் 1 கிலோமீற்றருக்கு மேல் நீளமான எரிவாயுக் குழாய்க்குச் சூழல் அனுமதி நடைமுறை கட்டாயம். முழு மதிப்பீட்டு அறிக்கை வந்தால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. காணி எடுப்பது காணி எடுத்தற் சட்டத்தின் கீழ். வன்னியில் பலருடைய கையில் காணி உறுதி இல்லை, 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான பெர்மிற்தான் இருக்கிறது. பெர்மிற் தொலைந்தவர்களும், பெயர் மாற்றாமல் தகப்பன் பெயரிலேயே வைத்திருப்பவர்களும் இழப்பீட்டுப் பட்டியலில் விடுபடுவார்கள். பாதை முடிவாவதற்கு முன்பே அதைச் சீர்செய்ய நடமாடும் சேவை வைக்காத திட்டம் வழக்குகளில் மாட்டும்.

மக்களோடு பேசாமல் விட்டால் வேலையே நிற்கும். கிற்றிமற் குழாய்க்கு எதிராக வெற்சுவெற்றன் பழங்குடிப் பரம்பரைத் தலைவர்கள் எழுந்தபோது, 2020 இல் கனடா முழுவதும் ரயில் பாதைகள் மறிக்கப்பட்டன. 620 கோடி கனேடிய டொலர் என்று தொடங்கிய செலவு கடைசியில் 1,450 கோடிக்குப் போனது. எதிர்ப்பு ஒரு காரணம்தான். பெருந்தொற்றும் செங்குத்தான மலையும் மற்றவை. முதற்கப்பல் புறப்பட 2025 நடுப்பகுதி ஆனது.

கிராம அலுவலர் பணிமனையில் வரைபடம் விரிக்கப்படும் நாளில் உங்கள் காணி எந்தக் கிலோமீற்றர்க் குறியில் வருகிறது என்று முதலில் கேளுங்கள். திட்ட ஆவணங்கள் எல்லாம் அந்தக் குறியை வைத்தே எழுதப்பட்டிருக்கும். 41 ஆம் கிலோமீற்றர் என்று சொன்னால், அந்த இடத்தில் குழாயின் ஆழம், சுவரின் தடிப்பு, கொங்கிறீற் பூச்சு உண்டா, மேலும் கீழும் உள்ள களிமண் அடைப்பு எங்கே, பக்கத்து வால்வு எது என்ற ஐந்தையும் அட்டவணையில் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் அந்த இடம் இன்னும் திட்டமிடப்படவில்லை என்று அர்த்தம். கருத்துக்கான 30 நாளுக்குள் அதை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான திகதி முத்திரையோடு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.